அண்டார்டிகாவின் ஆளில்லாத மலைமுகட்டுக்கு யார் பெயர் வைத்தார்கள்? கண்டுபிடிப்பது எப்படி

அண்டார்டிகாவில் ஹார்லிக் மலைகள் என்று ஒரு மலைக்கூட்டம் இருக்கிறது. ஆமாம், நாம் பாலில் கலக்கிக் குடிக்கும் அதே ஹார்லிக்ஸ்தான். அந்த மாவுப்பால் நிறுவனத்தை அண்ணனும் தம்பியுமாகத் தொடங்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹார்லிக், அமெரிக்கத் துருவப் பயணி ரிச்சர்ட் பேர்டின் 1933-35 அண்டார்டிகப் பயணத்துக்குப் பண உதவி செய்தார், பதிலுக்கு ஒரு மலைக்கூட்டமே அவர் பெயருக்கு வந்தது, பேர்ட் கொண்டுபோன விமானம் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். இதைப் படித்த சூட்டில் நான் வரைபடத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹார்லிக் மலைகளுக்குள்ளேயே விஸ்கான்சின் தொடர் என்று ஒன்று இருந்தது. ஹார்லிக்ஸ் தொழிற்சாலை இருந்த ரசீன் நகரம் விஸ்கான்சின் மாநிலத்தில்தானே, அப்போ அதுவும் அவருக்காக வைத்ததுதான் என்று முடிவு கட்டி, கேட்ட இரண்டு பேரிடம் அடித்துச் சொல்லியும் விட்டேன். தப்பு. அந்தத் தொடரின் பெயர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக வைத்தது. அங்கிருந்து நிறைய ஆராய்ச்சியாளர்கள் அண்டார்டிகா போனார்கள் என்பதற்கான மரியாதை. ஹார்லிக்கின் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். துருவப் பகுதிப் பெயர் எதைப் பார்த்தாலும் அதன் சத்தத்தை வைத்து யோசிப்பதில்லை. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்பதை முதலில் தேடுகிறேன். நம் ஊர்ப் பெயர்களில் ஆறு, மரம், குளம், சாமி என்று ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும், பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் கதை வந்துவிடும். யாருமே வாழ்ந்திராத இடத்தில் அது நடக்காது. அங்கே பெயர் என்பது யாரோ ஒரு குழு ஏதோ ஒரு வருடம் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. அந்த மேசையைத்தான் நாம் தேட வேண்டும்.

முதல் வேலை, முகடு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடிப்பது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் வரும். தட்டையாகக் காட்டும் இணைய வரைபடங்கள் பெரும்பாலும் அட்சரேகை 85 டிகிரியைத் தொட்டதுமே நின்றுவிடும், சரியாகச் சொன்னால் 85.05-இல். விஸ்கான்சின் தொடர் 85 டிகிரி 45 நிமிடத்தில் இருப்பதால் அந்த வரைபடங்களில் அது இல்லவே இல்லை. அதற்குப் பக்கத்திலிருக்கும் ஓஹையோ தொடர் 84 டிகிரி 45 நிமிடத்தில் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும், ஆனால் பத்து மடங்குக்கு மேல் இழுபட்டு, அதன் நீளத்தையும் அகலத்தையும் நம்பவே முடியாத மாதிரி. அதனால் துருவத்தை நடுவில் வைத்து வரையப்பட்ட வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். நார்வே துருவ நிறுவனம் வெளியிட்ட குவாண்டார்டிகா என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறக்கலாம். அது பெரிய தலைவலியாகத் தெரிந்தால் உருண்டையாகச் சுழற்றிப் பார்க்கும் வரைபடம் ஏதாவது ஒன்று போதும்.

இன்னொன்று, தீர்க்கரேகையில் ஒரு டிகிரி தப்பினால் பூமத்திய ரேகையில் 111 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம். 85 டிகிரி தெற்கில் அதே ஒரு டிகிரி வெறும் 10 கிலோமீட்டர்கூட வராது. ஆகவே கிழக்கு மேற்கில் கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை. வடக்கு தெற்குப் பிசகுதான் உங்களை வேறு மலைக்குக் கொண்டுபோய்விடும்.

இடம் தெரிந்துவிட்டது என்றால் அடுத்து கெசட்டியர், அதாவது இடப்பெயர்ப் பட்டியல். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அண்டார்டிகாவுக்கு அதிகாரபூர்வப் பெயர் வைக்கும் ஒற்றை அலுவலகம் கிடையாது. 1959-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தம், யாருக்கு எந்த நிலம் என்ற உரிமைச் சண்டையை அப்படியே உறைய வைத்துவிட்டது. நாட்டுக்கு நாடு பெயர்க்குழு வைத்துக்கொண்டு அவரவர் பெயரை வைத்துக்கொண்டே போகிறார்கள். பிரிட்டன் 1945-இலேயே குழு அமைத்தது, அமெரிக்காவுக்குத் தனிக் குழு, பல்கேரியாவுக்கு 1994-இலிருந்து ஒன்று. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருக்கும் கூட்டுக் கெசட்டியர் ஒன்றை, ஸ்கார் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அண்டார்டிக ஆராய்ச்சிக்கான அறிவியல் குழு நடத்துகிறது. அங்கே முகட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரே மலைக்கு இரண்டு, மூன்று பதிவுகள் வரலாம். பதறாதீர்கள், அது பிழையில்லை. ஒரே மலையை மூன்று நாடுகள் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம் லிவிங்ஸ்டன் தீவிலுள்ள லெவ்ஸ்கி முகடு. பெயர் பல்கேரியர்கள் வைத்தது, 1873-இல் தூக்கிலிடப்பட்ட அவர்களுடைய விடுதலை வீரர் வாசில் லெவ்ஸ்கியின் நினைவாக. அது இருக்கும் மலைத்தொடரின் பெயர் தங்ரா, பழைய பல்கர் மக்களின் கடவுள். சரி, இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு முகட்டின் உச்சியைப் பாருங்கள்: பல்கேரியப் பெயரின் பொருள் ‘பெரிய ஊசி’, ஸ்பானியப் பெயரின் பொருள் ‘போலி ஊசி’. ஒரே சிகரம்தான், 1680 மீட்டர். ஒரு பதிவை மட்டும் படித்துவிட்டு மொழிபெயர்த்திருந்தால் பெரியது என்று எழுதுவீர்கள், இன்னொன்றை மட்டும் படித்தவர் போலி என்று எழுதுவார், இரண்டு பேரும் சத்தியம் செய்வீர்கள். எல்லாப் பதிவுகளையும் திறந்து பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பதிவு கிடைத்ததும் அதைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கப் பதிவுகள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: இன்ன பயணத்தில் பார்க்கப்பட்டது, கடற்படை எடுத்த வான்வழிப் படங்களிலிருந்து இன்ன ஆண்டுகளில் வரைபடமாக்கப்பட்டது, பெயர்க்குழு இன்னாரின் நினைவாகப் பெயரிட்டது. பார்த்தது, வரைந்தது, பெயர் வைத்தது என்று மூன்று வினைகள். மூன்றுக்கும் ஆள் வேறு, ஆண்டு வேறு. நிறையப் பேர் முதல் வினையைப் படித்துவிட்டு, பார்த்தவரே பெயரும் வைத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். பென்சகோலா மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஜனவரி 13 அன்று அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று மெக்மர்டோ நீரிணையிலிருந்து வெடல் கடல் வரை பறந்து திரும்பியபோதுதான் முதலில் கண்ணில் பட்டது. வரைபடத்துக்கான வான்படங்கள் 1964-இல் எடுத்தவை. வரைபடம் வந்தது 1967-68-இல். பெயரோ, கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி தரும் பென்சகோலா விமானத் தளத்திலிருந்து வந்தது. உங்கள் குறிப்பேட்டில் மூன்று வரி போட்டு மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், பிறகு கலந்துகட்டி அடிக்க மாட்டீர்கள்.

அதே பென்சகோலா மலைகளில் நெப்டியூன் தொடர் என்று ஒன்று இருக்கிறது. ரோமானியக் கடல் கடவுளா, கிரகமா என்று யோசிப்போம். இரண்டும் இல்லை, அன்றைக்கு அங்கே பறந்த விமானத்தின் மாடல் பெயர் நெப்டியூன். இந்த வகை ஏமாற்று அங்கே ஏராளம். உசார்ப் மலைகள் என்று பார்த்தால் ஏதோ பழைய வட ஐரோப்பிய வீரனின் பெயர் மாதிரி கம்பீரமாக இருக்கும். அது அமெரிக்க அண்டார்டிக ஆராய்ச்சித் திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகள். அனாரே மலைகளும் அப்படியே, ஆஸ்திரேலியப் பயணக் குழுவின் முதலெழுத்துகள். பெயர் கொஞ்சம் விநோதமாக, எந்த மொழியிலும் ஒட்டாமல் இருந்தால் சுருக்கெழுத்தாக இருக்குமோ என்று ஒரு தடவை சந்தேகப்படுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த பொறி டிஸ்கவரி முகடு. துருவ வரலாறு கொஞ்சம் படித்தவர்கள்தான் இதில் அதிகம் விழுவார்கள், ஏனென்றால் பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட் 1901-04 பயணத்துக்குக் கொண்டுபோன கப்பலின் பெயர் டிஸ்கவரி என்று அவர்களுக்குத் தெரியும், மெக்மர்டோ பக்கம் இருக்கும் டிஸ்கவரி சிகரம் உண்மையாகவே அந்தக் கப்பலின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் முகடு இருப்பது நாம் மேலே பார்த்த ஓஹையோ தொடரில், கப்பல் நின்ற இடத்திலிருந்து கண்காணாத் தொலைவில். 1960-61, 1961-62 கோடைகளில் அங்கே போன ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் புவியியலாளர்களுக்கு அந்த முகட்டில் பிராக்கியோபாட் புதைபடிவங்கள் கிடைத்தன. பார்க்கச் சிப்பி மாதிரி இரண்டு ஓடுகள், கடலடியில் வாழ்ந்த உயிர், கிட்டத்தட்ட 40 கோடி ஆண்டுப் பழசு. தென் துருவத்திலிருந்து 600 கிலோமீட்டருக்குள், பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் கடல் சிப்பி. அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் டிஸ்கவரி. இங்கே டிஸ்கவரி சாதாரணச் சொல், கப்பலின் பெயர் இல்லை.

இதை ஊகிக்க முடிந்திருக்குமா? முடியும், அக்கம்பக்கத்தைப் பார்த்திருந்தால். வரைபடத்தில் ஒரு பெயரை மட்டும் பார்க்காமல் சுற்றி ஐம்பது கிலோமீட்டரில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று படியுங்கள். ஓஹையோ தொடரில் பக்கை மேடு என்று ஒன்று இருக்கும். பக்கை என்பது ஓஹையோ மாநிலத்தின் செல்லப்பெயர். இன்னொரு சிகரத்தின் பெயர் குளோசோப்டெரிஸ், புதைபடிவமாகக் கிடைக்கும் ஆதிகாலச் செடி. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதே செடி பாறைகளில் கிடைப்பதால்தான் இந்த நிலங்கள் எல்லாம் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்று பேச முடிந்தது. அந்தத் தொடருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர், மேட்டுக்கு மாநிலத்தின் செல்லப்பெயர், சிகரத்துக்குப் புதைபடிவச் செடி என்று இருக்கும்போது, நடுவில் ஒரு முகட்டுக்கு மட்டும் பிரிட்டிஷ் கப்பல் எங்கிருந்து வரும்? பெயர்கள் கூட்டமாகத்தான் பிறக்கும்.

பிரிட்டிஷ் குழுவோ இதைத் திட்டம் போட்டே செய்தது. அலெக்சாண்டர் தீவில் பீத்தோவன் தீபகற்பம், பாக் பனியடுக்கு, மோசார்ட் பெயரில் ஒரு பனிவெளி என்று இசையமைப்பாளர்களை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் தெரியாத ஐரோப்பியப் பெயர் எதிர்ப்பட்டால் முதலில் இசைக்காரர் பட்டியலில் தேடுவேன்.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயரின் வாலில் இருப்பது பெரும்பாலும் முகடு, மலை, பனியாறு என்பதற்கான பொதுச்சொல்தான், அதைக் கழற்றிவிட்டால்தான் மீதி தெரியும். நார்வே மொழியில் ரிக் என்றால் முதுகு, முகட்டுக்கும் அதுவே. ஜெர்மனில் ரூக்கன், அதுவும் முதுகு. ரஷ்யனில் ஹ்ரெபெட், முதுகெலும்பு. பிரெஞ்சில் அரெட், மீன் முள். நாம் கூரையின் உச்சியைச் சொல்லும் முகடு என்ற சொல்லை மலைக்கும் சொல்கிறோம், அவர்கள் மிருகத்தின் முதுகைப் பார்த்திருக்கிறார்கள், நமக்கு வீடு தெரிந்திருக்கிறது. நார்வேப் பெயர்களில் எக்கன் என்று முடிவதைப் பார்த்து முட்டை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அந்த எக் கத்தியின் விளிம்பு, கூரான முகட்டைச் சொல்வது. நுனாட்டாக் என்று வந்தால் அது கிரீன்லாந்து மக்களின் சொல், பனிக்கு மேலே தலைநீட்டும் பாறைக்கு.

ஆள் பெயராக இருந்தால்? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உடனே பெரிய விஞ்ஞானி என்று நினைத்து விக்கிப்பீடியாவில் தேடாதீர்கள், அதே குடும்பப் பெயருள்ள யாரோ ஒரு பிரபலம் கண்ணில் பட்டு உங்களை இழுத்துக்கொண்டு போவார். அமெரிக்கப் பெயர்களில் கணிசமானவை ஏதோ ஒரு நிலையத்தில் குளிர்காலம் முழுக்க இருந்த மெக்கானிக், சமையல்காரர், வானிலை பார்ப்பவர், வானொலி ஆப்பரேட்டர் ஆகியோருடையவை. கெசட்டியர் பதிவில் தொழில், நிலையம், ஆண்டு மூன்றும் இருக்கும். அதற்கு மேல் அவரைத் துருவித் தேட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கக் குழுவுக்கு எழுதிவைத்த விதிகளும் உண்டு: வளர்ப்புப் பிராணி, சறுக்குவண்டி நாய், விற்பனைப் பொருள் இவற்றின் பெயரை ஏற்க மாட்டார்கள். அந்த விதிப்படி ஹார்லிக்ஸ் என்று மலைக்கு வைக்க முடியாது, ஹார்லிக் என்று வைக்கலாம். ஓர் எழுத்து வித்தியாசம்தான்!

ஜெர்மன் பெயர்கள் வந்தால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1938-39 ஜெர்மன் பயணம் விமானத்திலிருந்து ஆயிரக்கணக்கில் படம் எடுத்துப் பெயர்களை அள்ளி வைத்தது. இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பாலைச்சோலையின் (பனி மூடாத நிலப்பகுதி) பெயர் அந்தப் பயணத்தின் விமானி ஒருவருடையது, அதற்குத் தெற்கே உள்ள வோல்தாட் மலைகள் பயணத்துக்கு ஏற்பாடு செய்த அதிகாரியுடையது. ஆனால் தரையில் அளந்து உறுதிப்படுத்திய புள்ளிகள் போதுமான அளவு இல்லாததால், பின்னால் வந்த நார்வே வரைபடக்காரர்களால் சில பெயர்களை எந்த மலையோடும் பொருத்த முடியவில்லை. ஆகவே பெயர் பழைய வரைபடத்தில் இருக்கிறது என்பதற்காக இன்றைய வரைபடத்தில் விரலை வைத்து இதுதான் என்று காட்டிவிடாதீர்கள்.

மலையே இல்லாமலும் போகலாம். 1818-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் ஜான் ராஸ் கனடாவின் வடக்கே லங்காஸ்டர் நீரிணைக்குள் கப்பலோட்டிப் போனார், எதிரே வழியை மறித்துக்கொண்டு மலைகள் தெரிந்தன, கடற்படைத் துறைச் செயலாளர் குரோக்கரின் பெயரை அவற்றுக்கு வைத்துவிட்டுத் திரும்பினார். மறு வருடம் எட்வர்ட் பாரி அதே நீரிணையில் போனார், மலை இருக்க வேண்டிய இடத்தின் வழியாகக் கப்பல் நேராகப் போய்விட்டது. கானல். சரி, ஒரு தடவை நடந்தது என்று விடலாம். 1906-இல் அமெரிக்கத் துருவப் பயணி பியரி வட துருவப் பக்கம் தூரத்தில் ஒரு நிலம் தெரிந்ததாகச் சொன்னார், பயணத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயரை வைத்தார், அவர் பெயரும் குரோக்கர்! ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல், தமிழில் எழுதினால் அதுவும் தெரியாது. 1914-இல் மக்மில்லன் குழு பனியில் வண்டி இழுத்துக்கொண்டு தேடிப் போனது, மலைகள் தெரியவும் செய்தன, கூட வந்த இனுயிட் வழிகாட்டி பியுகாட்டோக் அது வெறும் மூடுபனி என்று சொல்லியும் கேட்காமல் போய்ப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஆகவே பழைய பெயர் ஒன்று இன்றைய கெசட்டியரில் அகப்படவில்லை என்றால், தேடல் தப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வட துருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் என்றால் வேலை சுலபம், நார்வே துருவ நிறுவனத்தின் இடப்பெயர்த் தளம் ஒன்றே போதும். அங்கே உயரமான சிகரம் நியூட்டன்டாப்பன், 1713 மீட்டர். நியூட்டன் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆனால் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர், அதைச் சரிபார்க்கத்தான் 1899 முதல் 1902 வரை ஸ்வீடனும் ரஷ்யாவும் அங்கே தீர்க்கரேகையின் ஒரு துண்டை அளந்தன. முகடு கடலுக்கடியில் என்றால் தேடும் இடமே வேறு: கடலடிப் பெயர்களுக்கென்றே ஒரு பன்னாட்டுத் துணைக்குழு இருக்கிறது, ஆர்க்டிக்கின் காக்கெல் முகட்டுக்கு, அப்படியொரு முகடு இருக்கும் என்று முன்கூட்டியே சொன்ன சோவியத் அறிஞர் யாகோவ் காக்கெலின் பெயர் அப்படிப் பதிவானதுதான்.

கடைசியாக எழுதும்போது, ஆள் பெயரையும் கப்பல் பெயரையும் மொழிபெயர்க்காதீர்கள், வாலை மட்டும் தமிழாக்குங்கள். கூடவே யார், எப்போது, எதற்காக என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட வேண்டும். என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: ‘டிஸ்கவரி முகடு, ஓஹையோ தொடர், ஹார்லிக் மலைகள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள், 1960-62. அங்கே கிடைத்த பிராக்கியோபாட் புதைபடிவங்களுக்காக. ஸ்காட்டின் கப்பல் அல்ல.’ கடைசி மூன்று சொற்களுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்.